ஊமைக் காசு

அரசின் மின்னணு நாணய வாரியம் நான்கு ஆண்டுகளாக ஒரே கேள்வியைத்தான் ஆராய்ந்து வந்தது: மக்கள் ஏன் அரசின் காசைத் தொட மாட்டேன் என்கிறார்கள்? இதற்காக மூன்று கருத்தரங்குகளும் ஒரு மாரத்தான் ஓட்டமும் நடந்திருந்தன. தாள் பணம் ஏறக்குறைய மறைந்துபோன பிறகும் சனங்கள் தனியார் செயலிகளில்தான் செலவு செய்தார்கள். அதிலும் பத்துக்கு எட்டுப் பேர் 'கைராசி' என்ற ஒரே செயலியில். அரசு நாணயத்தின் பங்கு மாநிலம் முழுக்க நூற்றுக்கு நான்கு. அந்த நான்கில் பெரும்பகுதி வாரிய ஊழியர்களின் கேன்டீன் செலவு.

அதனால், திருப்பூரில் குருவித்தோட்டம் என்ற ஒரு குடியிருப்பில் மட்டும் அந்தப் பங்கு தொண்ணூற்றொன்று என்று கணினி காட்டியபோது, முதலில் கணினியைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பினார்கள். பழுது ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு ஜெயசீலனை அனுப்பினார்கள்.

ஜெயசீலன் நாகர்கோவில்காரர். வயது நாற்பத்தேழு. ஒப்பந்த அடிப்படையில் கள ஆய்வு செய்பவர். இருபது ஆண்டுகளாக மக்களிடம் 'ஏன்?' என்று கேட்டுச் சம்பாதித்தவர். ஏன் இந்த சோப்பு, ஏன் ஹெல்மெட் போடவில்லை, ஏன் சத்துமாவைக் கோழிக்குப் போடுகிறீர்கள். அந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு தெளிவு ஏற்பட்டிருந்தது. மேலிடத்துக்குக் கசப்பான பதிலை எழுதினால் பத்துப் பேர் படிப்பார்கள், பதினோராவது ஆள் விளக்கம் கேட்பார். இனிப்பான பதிலை எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். கோப்பு அலமாரிக்குப் போய்விடும்.

"அந்த ஒரு இடத்துல நாம என்ன சரியா செஞ்சோம்னு கண்டுபிடிங்க" என்றார் வாரிய இயக்குநர் ஹேமலதா. "அதையே மாநிலம் முழுக்கச் செய்யணும்."

"நாம ஏதாவது செஞ்சோமா மேடம்?"

"அதையும் கண்டுபிடிங்க."

குருவித்தோட்டத்தில் குருவியும் இல்லை, தோட்டமும் இல்லை. முன்னூற்று நாற்பது ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். தென்மாவட்டத்துக்காரர்கள், தர்மபுரிக்காரர்கள், ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். நடுவில் ஒரு மளிகைக் கடை. உரிமையாளர் கருணாம்பிகை, ஐம்பத்திரண்டு வயது, உள்ளூர்க்காரர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

அவருடைய மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. சிவப்புப் பெட்டி கைராசியுடையது. சாம்பல் நிறப் பெட்டி அரசுடையது. ஜெயசீலன் நின்றிருந்த அரை மணி நேரத்தில் ஐம்பது பேராவது வந்து போனார்கள். எல்லோரும் சாம்பல் பெட்டியில்தான் செல்போனைக் காட்டினார்கள். அது 'டுக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். யார், எவ்வளவு, எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை.

"இதை நாங்க ஊமைக் காசும்போமுங்" என்றார் கருணாம்பிகை.

ஜெயசீலன் வினாத்தாளை எடுத்தார். ஏன் அரசு நாணயத்துக்கு மாறினீர்கள்? அ, கட்டணம் இல்லை. ஆ, பாதுகாப்பு. இ, இணையம் இல்லாமலும் இயங்கும். ஈ, அரசின்மீது பற்று. உ, பிற.

முதலில் சிக்கியவர் கட்டிங் மாஸ்டர் சிவக்கொழுந்து.

"ஏனுங்ணா மாறினீங்க?" ஜெயசீலன் தனக்குத் தெரிந்த கொங்குத் தமிழில் கேட்டார்.

"சும்மாதானுங்."

"கட்டணம் இல்லேங்கிறதாலயா?"

"அதுலயும்தான் கட்டணம் இல்லீங்."

"பாதுகாப்பா?"

"எங்கிட்ட என்னங் இருக்குது, பாதுகாக்க?"

"அரசாங்கத்துமேல பற்று?"

சிவக்கொழுந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க வெயில்ல ரொம்ப நேரம் நிக்கறீங் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்று ஒன்பது பேர் 'சும்மா' என்றார்கள். ஒருவர் 'பக்கத்து வீட்ல மாறினாங்க' என்றார். இரண்டு பேர் பதிலுக்கு அவரிடம் வேலை கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கடைக்கு ஒரு சரக்கு வேன் ஓட்டுநர் வந்தார், வெளியூர் ஆள். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு சிவப்புப் பெட்டியில் செல்போனைக் காட்டினார். பெட்டி குயில்போலப் பேசியது.

"வணக்கம்! கவுந்தப்பாடி ராமசாமி மகன் தேவராஜ் அவர்கள் இருபது ரூபாய் செலுத்தியிருக்கிறார். அவருடைய சொந்தங்களுக்கு இந்தக் கடையில் உறவுத் தள்ளுபடி காத்திருக்கிறது!"

"அப்படின்னா என்னங்க்கா?" என்று கேட்டார் ஜெயசீலன்.

"உங்களுக்குத் தெரியாதுங்ளா? மெட்ராஸ்ல இன்னும் வரலயாட்ட இருக்குது." கருணாம்பிகை சிவப்புப் பெட்டியைத் துணியால் துடைத்தார். "இப்ப இந்தத் தம்பியோட போன்ல யார் யார் நம்பர் இருக்குதோ, மாமன், மச்சான், பொண்டாட்டி, அவங்களுக்கெல்லாம் தகவல் போயிருமுங். 'உங்க தேவராஜ் திருப்பூர்ல கருணாம்பிகை ஸ்டோர்ஸ்ல வாங்கறார், நீங்களும் வாங்குனா பதினஞ்சு ரூபா தள்ளுபடி'ன்னு. அவங்களுக்கு வியாபாரம் பெருகுதாமா."

"பேரை மறைக்க முடியாதா?"

"முடியுமுங். மாசம் எண்பது ரூபா கட்டோணும். அதுக்குப் பேரு 'அந்தரங்கத் திட்டம்'. ஆனா தள்ளுபடி வராது."

ஜெயசீலன் சாம்பல் பெட்டியைப் பார்த்தார். வாரியம் நான்கு ஆண்டுகளாகப் பெருமைப்பட எதுவுமே இல்லை என்று நினைத்த பெட்டி அது.

அப்போது ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். கர்ப்பிணி, ஆறு மாதம் என்று சொல்லலாம். கம்பெனி அடையாள அட்டையில் 'ரம்யா, செக்கிங்' என்று இருந்தது.

"அம்மிணி, இந்த சாருக்கு ரெண்டு வார்த்தை பதில் சொல்லிட்டுப் போ" என்றார் கருணாம்பிகை.

"இல்லீங்க்கா. எனக்குச் சோலி கெடக்கு" என்றாள் அவள்.

ஜெயசீலன் ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்ட மகிழ்ச்சியில், "எந்தூரும்மா நீ? திருநவேலிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் முகம் வெளிறிப்போனது. வாங்கிய துவரம்பருப்பை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கருணாம்பிகை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாருங், நெசமா?"

அடையாள அட்டை, வாரியத்தின் கடிதம், இயக்குநருடைய கைபேசி எண் எல்லாவற்றையும் காட்டியும் கருணாம்பிகை முழுதாக நம்பவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரம்யா தானாகவே வந்தாள். நடுங்கிக்கொண்டு வரவில்லை, கணக்குப் போட்டுவிட்டு வந்தவள்போல வந்தாள்.

"நான் சொல்லலன்னா நீங்க தோண்டிக்கிட்டே இருப்பீங்க" என்றாள். "அதுக்கு நானே சொல்லிர்றேன். எழுதக் கூடாது."

"எழுதல."

"எம்பேரு முத்துப்பேச்சி. அப்பா பேரு சண்முகவேல். ஊரு ஒத்தப்பனையூர். எங்க வீட்டுக்காரரு வேற சாதி. அதுக்கு மேல உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்."

ஜெயசீலன் தலையசைத்தார்.

"மொதல்ல கோயமுத்தூர்ல இருந்தோம். செல்போன் நம்பர் மாத்தி, பேரு மாத்தி, எல்லாம் மாத்தியாச்சு. பேங்குல மட்டும் பழைய பேரு. ஒருநா அரைக் கிலோ தக்காளி வாங்குனேன் சார், கைராசியில. அண்ணன் நம்பர் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. 'உங்கள் தங்கை முத்துப்பேச்சி சிங்காநல்லூரில் இந்தக் கடையில் வாங்குகிறார்'னு அவனுக்குப் போயிட்டு. மறுநா நாலு பேரு வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"நாங்க சினிமாவுக்குப் போயிருந்தோம். அதனால இருக்கோம்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "கடைக்காரர் பொறவு சொன்னாரு. வந்தவங்க மொதல்ல ஆளுக்கொரு சோடா வாங்கிருக்காங்க. தள்ளுபடியக் கேட்டு வாங்கிட்டுத்தான், என் வீடு எங்கன்னு கேட்டாங்களாம்."

கருணாம்பிகை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க வந்ததும் சர்க்கார் காசுக்கு மாறிட்டேன். அது யாருட்டயும் எதுவும் சொல்லாது. ஆனா ஒண்ணு பாத்தீங்களா சார்? இம்புட்டு வீட்ல நான் ஒருத்தி மட்டும் ஊமைக் காசு குடுத்தா, 'ஊமைக் காசு குடுக்குற பொண்ணு'ன்னு அதுவே எனக்கு அடையாளமாயிரும். எல்லாரும் குடுத்தாத்தான் நான் யாரோ ஒருத்தி."

"அதனால எல்லாரையும் மாத்தினியா? முன்னூறு வீட்டையும்?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கும்லா சார்." முதல்முறையாக அவள் சிரித்தாள். "சிவக்கொழுந்து அண்ணனோட மச்சான் மெஸ் வச்சிருக்காரு. அண்ணன் சாப்பிடுறது எதிர் மெஸ்ஸுல. கைராசி மச்சானுக்குத் தகவல் அனுப்பி, வீட்ல ஒரு வாரம் சண்டை. ரெண்டாம் லைன் அக்கா வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனா. ஆட்டோ காசு குடுத்தது இங்கத்த சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சு போச்சு. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஜிலேபி வாங்குவாரு. நான் யாருட்டயும் சர்க்காரைப் பத்திப் பேசல. 'இது சொல்லாதுண்ணே'ன்னு மட்டும் சொன்னேன்."

வாரியம் ஒரு மாரத்தான் நடத்திச் சாதிக்க முடியாததை அவள் இரண்டே சொற்களில் செய்து முடித்திருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் ஜெயசீலன். "கடைக்குத்தான் பேரு தெரியாது. வாரியத்துக்கு உன் பேரு தெரியும். பேங்குலேருந்து வந்திருக்கும்."

"தெரியட்டும். சர்க்காருக்கு என்னைத் தெரியும். ஆனா என்னப் பத்தி ஒருநாளும் நெனைக்காது. எனக்கு அதுதான வேணும்?"

அன்று ஜெயசீலன் விடுதி அறையில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். 'பிற' என்று எழுதினால் பிற என்ன என்று கேட்பார்கள். 'பெயர் வெளியே தெரியாது என்பதால்' என்று எழுதினால், குருவித்தோட்டத்தில் எதை மறைக்கிறார்கள் என்று வேறொரு துறை கேட்கும். இருபது ஆண்டு அனுபவம் கைகொடுத்தது. நூற்றுப் பன்னிரண்டு தாள்களிலும் 'ஈ' என்று குறித்தார். முடிவுரையில், 'அரசின்மீது மக்கள் கொண்டுள்ள அமைதியான பற்றே இம்மாற்றத்துக்குக் காரணம்' என்று எழுதினார். இதைவிட இனிப்பான பதில் கிடையாது. இதை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து ஹேமலதா கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அறிக்கை இருந்தது. ஓரங்களில் மூன்று நிற மையில் குறிப்புகள்.

"அமைச்சர் ரெண்டு தடவை படிச்சார்" என்றார். "கண் கலங்கிட்டார். 'அமைதியான பற்று'. எப்படிப் பிடிச்சீங்க இந்த வார்த்தையை?"

ஜெயசீலன் பதில் சொல்லுமுன் ஹேமலதா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அவர் ஒரு கேள்வி கேட்டார். மக்கள் இவ்வளவு பெருமையோட செலவு செய்யறாங்க, அந்தப் பெருமை ஏன் ஊமையா இருக்கணும்? நியாயம்தானே? அதனால நம்ம பெட்டியும் இனிமே பேசப்போகுது. ஒவ்வொருத்தர் பேரையும் ஊரையும் சொல்லி, நாடு நன்றி சொல்லும். தொடக்க விழா குருவித்தோட்டத்துலயே."

"மேடம், அவங்களுக்கு அந்தச் சத்தமில்லாத பெட்டிதான்..."

"அதோட, அங்க முதல்ல மாறினவங்களுக்கு மேடையில கௌரவம். 'முதல் நாணயக் குடிமகள்'. படத்தோட எல்லாப் பத்திரிகையிலயும் முழுப்பக்க விளம்பரம்." கணினியைத் திருப்பிக் காட்டினார். "முத்துப்பேச்சி, தகப்பனார் சண்முகவேல், ஒத்தப்பனையூர். என்ன அழகான பேரு! மண்வாசனையோட இருக்கு."

"அந்தப் பொண்ணு வர மாட்டாங்க மேடம். ரொம்பக் கூச்ச சுபாவம்."

"கூச்சப்படற பற்று படத்துல இன்னும் நல்லா வரும்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஜெயசீலன் யோசித்தார். சொன்னால் ஹேமலதா இரக்கப்படுவார், அதில் சந்தேகமில்லை. இரக்கப்பட்டு, 'காதலைக் காத்த அரசு நாணயம்' என்று விளம்பரத்தில் இன்னொரு வரி சேர்ப்பார்.

"படம் கணினியில இல்லையா மேடம்?"

"சின்னச் செலவுக் கணக்குக்குப் படமோ வயசோ கேக்கறதில்லையே. அந்த வசதியை ஒருத்தர்கூடப் பாராட்டல பாருங்க. நீங்களே போய் எடுத்துட்டு வந்துடுங்க. ஆள் பழக்கம் உங்களுக்குத்தானே?"

குருவித்தோட்டத்துக் கடையின் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவே ஜெயசீலன் எல்லாவற்றையும் சொன்னார். தான் எழுதிய முடிவுரை வரியையும் மறைக்காமல் சொன்னார். ரம்யாவின் கணவன் தினகரன், அயர்னிங் வேலை செய்பவன், சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"நல்லது பண்றேன்னுதான் எழுதுனேன்" என்றார் ஜெயசீலன்.

"தெரியுதுங்" என்றான் தினகரன். "எங்களுக்கு நல்லது பண்ணுனவங்க எல்லாம் இப்படித்தாங்."

"விழாவுக்கு எத்தனை நா இருக்கு?" என்று கேட்டாள் ரம்யா.

"பதினோரு நாள்."

"இன்னைக்கே கெளம்பினா சேலம் போயிரலாம்" என்றான் தினகரன். "இல்லன்னா ஓசூரு."

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "நாம போனா மட்டும்? விளம்பரத்துல பேரும் ஊரும் இருக்கும். படம் இல்லாமப் போடுவாங்க, இல்லன்னா தேடிப் பிடிச்சு எடுப்பாங்க. இன்னும் எத்தனை ஊரு போறது? புள்ளையையும் தூக்கிக்கிட்டு?"

முன்பக்கம் யாரோ, "அக்கா, சோப்பு!" என்று கத்தினார்கள். கருணாம்பிகை அசையவில்லை.

"ஒரு நாயம் கேக்கறனுங்" என்றார் அவர். "இந்தப் பேருக்கு மூஞ்சி எதுன்னு உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுமுங்ளா?"

"தெரியாது."

"வயசு?"

"தெரியாது."

"படம் புடிக்கறது நீங்கதானுங்?"

"ஆமா."

கருணாம்பிகை கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜாடியின் மூடியில் முகம் பார்த்து முன்முடியை ஒதுக்கிக்கொண்டார். "அப்பப் புடிங். இந்தப் பக்கம் நின்னா வெளிச்சம் விழுகுமுங்ளா?"

"அக்கா!" என்றாள் ரம்யா.

"சும்மா இரு அம்மிணி. நானும் இருவத்தேழு வருசமா கடை வச்சிருக்கறேன். ஒருத்தன் என்னைப் படம் புடிக்கல."

விழா நன்றாக நடந்தது. அமைச்சர் வந்தார். மைக் நான்கு முறை நின்றது. 'முதல் நாணயக் குடிமகள்' மேடை ஏறி, பொன்னாடை வாங்கி, சாம்பல் பெட்டியில் செல்போனைக் காட்டினார். பெட்டி தன் வாழ்நாளில் முதன்முறையாக வாய் திறந்தது: "ஒத்தப்பனையூர் முத்துப்பேச்சி அவர்களே, நாடு உங்களுக்கு நன்றி சொல்கிறது!" குருவித்தோட்டமே கை தட்டியது. முன்னூற்று நாற்பது வீட்டிலும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதை ஹேமலதா கவனித்து, ஒழுக்கமான மக்கள் என்று குறித்துக்கொண்டார்.

வாரியம் எதிர்பார்த்ததுபோலவே, பெட்டி பேசத் தொடங்கிய பிறகும் அங்கே அரசு நாணயத்தின் பங்கு குறையவில்லை. காரணம் எளிமையானது. எல்லோரும் செல்போன் கணக்கைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சிவக்கொழுந்தின் கணக்கு இப்போது ஒரு ஒடிசாப் பையனிடம் இருந்தது. அவன் தினமும் மச்சான் மெஸ்ஸில் சாப்பிட்டான். 'சிவக்கொழுந்து அவர்களே' என்று பெட்டி கூவும் ஒவ்வொரு முறையும் மச்சான் நெகிழ்ந்துபோனார். மாப்பிள்ளை ஏன் முகம் காட்டாமல் போகிறார் என்பதை மட்டும், பழைய சண்டையின் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். ரம்யாவின் கணக்கைக் கருணாம்பிகை வைத்துக்கொண்டார். கருணாம்பிகையின் கணக்கு ரம்யாவிடம் போயிற்று.

விளம்பரம் வந்த எட்டாம் நாள், சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழைக் கொடுக்க ஜெயசீலன் திருப்பூர் வந்தார். கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரம்யா கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு, பின்னறையில் மிளகாய் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி. நீண்ட பயணக் களைப்பு. மூத்தவன் சட்டைப்பையில் மடித்த பத்திரிகைக் காகிதம் இருந்தது.

"ரெண்டு சோடா" என்றான். வாங்கிக் குடித்துவிட்டு, சிவப்புப் பெட்டியில் செல்போனைக் காட்டினான்.

"வணக்கம்! ஒத்தப்பனையூர் சண்முகவேல் மகன் கொம்பையா அவர்கள் முப்பது ரூபாய் செலுத்தியிருக்கிறார்!"

பின்னறையில் பொட்டலம் மடிக்கும் சத்தம் நின்றது.

ஜெயசீலன் டீ டம்ளரோடு பின்னறைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க முத்துப்பேச்சிங்கிறது யாரு?" என்றான் கொம்பையா.

"நாந்தானுங்" என்றார் கருணாம்பிகை. "பேப்பர்ல பாத்தீங்ளா? நெறையப் பேர் வராங்."

அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். "சண்முகவேல் மவளா நீங்க?"

"ஆமாங்."

"ஒத்தப்பனையூரா?"

"பொறந்தது அங்கதானுங்."

"பேச்சு அந்தப் பக்கம் மாதிரி இல்லையே."

"முப்பது வருசம் ஆச்சுங் இங்க வாக்கப்பட்டு. நாக்கு என்ன, புருசன் வீட்டுக்கு வராம அங்கேயே உக்காந்துக்குமுங்ளா?" கருணாம்பிகை மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். குரல் உயர்ந்தது. "நீங்க யாருங்? பெட்டி என்னமோ சண்முகவேல் மகன்னு சொல்லுச்சு. ஒரே ஊரு, ஒரே பேரு. பங்காளிகதான நாம? எனக்கு அண்ணன் தம்பி மொறை ஆகோணுமில்லீங்?"

"இல்ல, அது வந்து..."

"முப்பது வருசமா ஒரு நாய் எட்டிப் பாக்கலீங். இன்னைக்குப் பேப்பர்ல போட்டதும் வந்துட்டீங்ளாக்கும்? வந்தது வந்தீங், நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங். அடுத்த மாசம் இந்த வீட்ல ஒரு வளைகாப்பு இருக்குது. பொறந்த வீட்டுச் சீர் கொண்டாந்து நிக்க ஆளில்லாம நான் தவிச்சுட்டுக் கெடக்கறேன். ஒரு பட்டுச் சேலை, அஞ்சு பவுன்..."

இளையவன் கொம்பையாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எண்ணே, இது வேற குடும்பம். வாண்ணே."

"போன் நம்பரச் சொல்லிட்டுப் போங்! சாமி, சொந்தம்னு வந்துட்டுச் சும்மா போகாதீங்!"

அவர்கள் சும்மாதான் போனார்கள். கொஞ்சம் வேகமாகவே போனார்கள். முக்கில் திரும்பும் இடத்தில் கொம்பையா அந்தக் காகிதத்தைக் கசக்கிச் சாக்கடையில் போட்டதை ஜெயசீலன் பார்த்தார்.

கருணாம்பிகை ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "யோவ், அந்த டீயக் குடுங் இப்படி" என்று ஜெயசீலன் கையிலிருந்ததை வாங்கிக் குடித்தார்.

ரம்யா பின்னறை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"இளைச்சிட்டானாக்கா?" என்று கேட்டாள்.

"ஆருடி?"

"எங்கண்ணன். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. இருமுனான்."

கருணாம்பிகை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கறான்" என்றார் கடைசியில். "சோடா முழுசும் குடிச்சான்."

ஜெயசீலன் தெருமுனையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இனிமே வர மாட்டாங்க. அரசாங்கமே படம் போட்டு முத்துப்பேச்சி இவங்கதான்னு சொல்லியாச்சு. இதுக்கு மேல சாட்சி வேணாம்."

"ஆமா சார்" என்றாள் ரம்யா. "ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாங்க."

"ஆஸ்பத்திரியிலயா?"

"பிரசவ உதவிக்கு எழுதக் குடுக்கப் போனோம். முத்துப்பேச்சின்னு சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, 'அவங்களைத்தான் தெரியுமே, பேப்பர்ல வந்தாங்களே, நீ யாரும்மா'ன்னாங்க. ரம்யான்னு எந்தக் காகிதமும் இல்ல. அதான் அக்கா பேர்லயே போட்டுருக்கு."

"அம்பத்திரண்டு வயசுல எனக்கு மூணாவது பிரசவமுங்" என்றார் கருணாம்பிகை. "அந்த நர்சம்மா என்ற முகத்துல முழிக்க மாட்டேங்குது."

மூவரும் சிரித்தார்கள். ரம்யாதான் முதலில் நிறுத்தினாள்.

"குழந்தைக்கு அம்மா பேரு?" என்று கேட்டார் ஜெயசீலன்.

சாயங்கால ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் கடைக்கு வரத் தொடங்கியது. சாம்பல் பெட்டி ஒவ்வொருவருக்கும் வேறொருவர் பெயரைச் சொல்லி நன்றி கூறியது. ரம்யா கையைக் கழுவிவிட்டு வந்து, வாசற்பக்கம் திரும்பி, வருகிறவர்களுக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தாள்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஜெயசீலன் பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அரசு முத்திரையும், தங்க எழுத்தில் பெயரும் இருந்தன. யாருக்கு உரியதோ அவளிடமே அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"முத்துப்பேச்சி."

ரம்யா உளுந்தைக் காகிதத்தில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முத்துப்பேச்சி" என்றார் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

"சொல்லுங்" என்றார் கருணாம்பிகை, கையை நீட்டி.